உது ஆருக்கு?

இன்று காலை சாவியைத் தேடிப் பழைய கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். சாவி வரவில்லை. ஒரு கச்சான் கடலைச் சரை வந்து விழுந்தது. பத்திரிகைத் தாளில் சுற்றிய சரை; உள்ளே பாதிக்கு மேல் உடைக்காத கச்சான். எந்தப் படத்துக்கு வாங்கியது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. வாங்கிய கச்சானை நீ மிச்சம் விட்டது அந்த ஒரு படத்துக்குத்தான். ஒன்றை உடைத்து வாயில் போட்டேன். காறலடித்தது. துப்ப மனமில்லாமல் விழுங்கிவிட்டேன்.

மற்றப் பெண்கள் திருவிழாவுக்கும் சீலை எடுக்கவும் துணை தேடுவார்கள். நாங்கள் இருவரும் பள்ளிக்கூட நாள் முதலே பேய்ப்படத்துக்குச் சேர்ந்தவர்கள். நீ வங்கிக்கும் நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்துக்கும் வேலைக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. திரையில் வெள்ளைச் சீலைக்காரி மிதந்து வருவாள். நீ கச்சான் கோதுகளை என் பைக்குள் திணித்தபடியே, "உவளுக்கு மாத்திக் கட்ட வேறை சீலை இல்லையோடி?" என்று கேட்பாய். முன்வரிசை திரும்பி முறைக்கும். கோதுகளை நிலத்தில் போட்டால் கூட்டுகிற அக்கா ஏசுவா என்று என் பையைக் குப்பைத்தொட்டி ஆக்கிவிட்டாய். உன் பை எப்போதும் புதுப்பை.

அந்தப் படத்துக்கு உன்னைக் கூட்டிப்போனது நான்தான். யாழ்ப்பாணத்தில் சில நண்பர்கள் ஞாயிறு பின்னேரங்களில் ஒரு சின்ன மண்டபத்தில் வெளிநாட்டுப் படங்கள் போடுவார்கள். இதுவும் பேய்ப்படமாம் என்றதும் நீ சரையோடு வந்து குந்திவிட்டாய். ஆனால் பேய் கடைசிவரை வரவேயில்லை.

மலையடிவாரத்தில் ஓர் ஊர். ஒவ்வொரு வீட்டிலும் பூட்டிய அறை ஒன்று. பொழுதுபட அந்தக் கதவடியில் சாப்பாடு வைப்பார்கள். விடிந்து பார்த்தால் சோற்றுக் கோப்பை துடைத்ததுபோல வெறுமையாக இருக்கும். உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்ட பிள்ளைகள் அடுத்தநாள் வீட்டில் இருப்பதில்லை. அப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், மறுநாளும் முகம் கழுவி, தலை வாரி, அந்தப் பிள்ளையின் கோப்பையிலேயே சோறு போட்டுக் கொண்டுபோய்க் கதவடியில் வைக்கிறாள். ஒரு துளி இரத்தம் காட்டவில்லை. உன் பக்கம் பார்த்தேன். உன் மடியில் சரை அப்படியே இருந்தது.

முடிவில் ஒரு சின்னப் பெட்டை கதவில் காது வைக்கிறாள். உள்ளே எதுவோ சப்பிச் சப்பித் தின்னும் சத்தம். ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக் கதவுக்கு முன்னாலேயே காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருந்து, அந்தச் சோற்றைத் தானே சாப்பிடத் தொடங்குகிறாள். அத்துடன் படம் முடிந்தது.

வெளிச்சம் போட்டதும் கலந்துரையாடல். கண்ணாடி போட்ட ஒருவர் எழும்பி, அந்தக் கதவு அதிகாரத்தின் குறியீடு, கோப்பை அடிபணிதலின் குறியீடு என்று வகுப்பு எடுத்தார். நீ கையைக்கூட உயர்த்தாமல் எழுந்தாய்.

"சேர், அந்த ஊரிலை கோப்பை வெறுமையாத் திரும்பி வருகுது. அப்ப உள்ளுக்கு ஏதோ ஒண்டு இருக்கெண்டாவது அதுகளுக்குத் தெரியும். எங்கடை வீட்டிலை வைச்ச சோறு வைச்சபடி கிடக்குது. இதிலை எது பயங்கரம் எண்டு நீங்கள் சொல்லுங்கோ."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரையை என் பைக்குள் போட்டுவிட்டு நீ வெளியே நடந்தாய்.

உடுப்பிட்டி பஸ்ஸில் நீ யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடியே வந்தாய். தனியே விடப் பயந்து நானும் உன் வீடுவரை வந்தேன். விறாந்தை மேசையில் அந்தக் கோப்பை இருந்தது. இன்னொரு கோப்பையால் மூடிய மத்தியானச் சோறு. நான் வந்துபோகத் தொடங்கிய காலம் முதல் அது அங்கேதான் இருந்தது. யுத்த காலத்தில் ஒரு காலை, "மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திடுவன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போன உன் அண்ணை குகனுக்காக உன் அம்மா வைப்பது. அவர் வரவில்லை. உடலும் வரவில்லை, ஒரு சேதியும் வரவில்லை. பொழுதுபட அந்தச் சோறு நாய்க்குப் போகும். நாங்கள் எல்லோரும் அந்த மேசையைச் சுற்றி நடந்து பழகியிருந்தோம்.

அன்று நீ மேல்கோப்பையைத் தூக்கி நிலத்தில் எறிந்தாய். சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து வந்தா.

"எணை அம்மா, பயத்திலைதானே உதை வைக்கிறியள்? வைக்காட்டி அவன் செத்துப்போனான் எண்டாயிடும் எண்ட பயம். இவ்வளவு காலமும் நாங்கள் பயத்துக்கெல்லோ சோறு போட்டிருக்கிறம்."

அம்மா கோபிக்கவில்லை. விழுந்ததை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தா.

"பயமெண்டா அடுப்படிக்குள்ளை ஒளிச்சு வைச்சிருப்பன், பிள்ளை. விறாந்தையிலை ஏன் வைக்கிறன்? வாற சனம் காணவேணும். உது ஆருக்கெண்டு கேக்கவேணும். கேட்டா அவன்ரை பேரைச் சொல்லலாம். முந்தி எல்லாரும் கேட்டவை. இப்ப ஒருத்தரும் கேக்கிறேல்லை. நீயும் கேக்கிறேல்லை."

நீ அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டாய். நீ அழுது நான் கண்டது அன்றுதான். பேய்களையெல்லாம் நக்கலடித்தவள், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாய். பிறகு முகத்தைத் துடைத்து அம்மாவை நிமிர்ந்து பார்த்தாய்.

"உது ஆருக்கு அம்மா?"

"குகனுக்கு."

"நாய்க்குப் போடாதேங்கோ. இஞ்சை தாங்கோ."

அந்தக் காய்ந்த சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாய். அந்தப் பெட்டையைப் போலவே சப்பாணி கட்டி இருந்து.

அதன் பிறகு அது உன் வழக்கமாயிற்று. வங்கியால் வந்ததும் செருப்பைக் கழற்றும்போதே கேட்பாய், "உது ஆருக்கு?" அடுப்படிக்குள்ளிருந்து பேர் வரும். பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்றுதான் நீ அத்தனை உரத்துக் கேட்டாய் என்று நினைக்கிறேன். எனக்கோ அந்தப் படத்தால் வேறு பாடு. பல நாள் நித்திரை இல்லை. வெளிக்கிடும்போதெல்லாம் கதவுப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தேன். "பட்டது காணாதெண்டோ உப்பிடிப் படங்களையும் போய்ப் பாக்கிறியள்?" என்று என் வீட்டில் ஏசினார்கள். உன்னிடம் சொன்னபோது நீ சிரித்தாய். "பயந்தால் என்னடி? பயப்பிடாமலே இருந்து நாங்கள் என்னத்தைக் கண்டனாங்கள்?" என்றாய்.

பிறகு உனக்கு மார்பில் வருத்தம் வந்தது, புற்றுநோய். அந்தப் படத்துக்கும் கோப்பையைத் தூக்கி எறிந்ததற்கும்தான் வந்ததென்று ஊரில் கதை கட்டினார்கள். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான். வருத்தங்களைத் தினமும் ஆய்வுகூடக் கண்ணாடிக்கடியில் பார்க்கிறவள் நான். படம் பார்த்து வந்த வருத்தம் ஒன்றை இன்றுவரை கண்டதில்லை. சொன்னவர்களிடம் முகத்துக்கு நேரே அதைச் சொன்னேன். இரண்டு பேர் என்னோடு கதைப்பதில்லை. நட்டமில்லை.

எழும்பமுடியாமல் படுத்த நாட்களிலும் நீ மத்தியானத்தில் கண்ணைத் திறந்து கேட்டாய். குரல் விறாந்தைக்கு எட்டாது. நான் வாசலில் நின்று உன் கேள்வியை உரத்துச் சொல்வேன். அம்மா பதில் சொல்லுவா. நீ திரும்பிப் படுப்பாய்.

நீ போய் உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நெருங்கிய ஒரு மத்தியானம், உன் சித்தப்பா வந்து விறாந்தையில் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. பிடித்துவைத்திருப்பார்கள் என்று குகனைத் தேடி முகாம் முகாமாக அலைந்து செருப்புத் தேய்ந்தவர் அவர்தான்.

"அக்கா, கீரிமலைக்கு ஐயர் வாறார்தானே. பிள்ளையின்ரையோடை பெடியன்ரையும் சேர்த்துச் செய்து முடிப்பம். எத்தினை வரியத்துக்கு உப்பிடியே வைச்சிருக்கப் போறியள்? இனிக் கேக்கிறதுக்கும் இஞ்சை ஆளில்லை."

வந்திருந்த இனசனமெல்லாம் தலையாட்டினார்கள். மகளைத் தூக்கிக் கொடுத்த உன் அம்மாவுக்கு மறுத்துப் பேச உடம்பில் பலமில்லை. மூடிய கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, மேசையில் வைப்பதா அடுப்படிக்கே திரும்புவதா என்று தெரியாமல் நின்றா. இன்று அது உள்ளே போனால் இனி வெளியே வராது. எனக்கு அது தெரிந்தது. உன் சித்தப்பாவுக்கும் தெரிந்திருக்கும்.

நான் இரத்த உறவில்லை. அந்தச் சபையில் எனக்குக் கதைக்க உரிமையில்லை என்று சொல்வார்கள். எனக்கு வந்த கோபத்தில் அதெல்லாம் கண்ணுக்குத் தெரியவில்லை. எழுந்து நின்றேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி, உன் குரலில் கேட்டேன்.

"உது ஆருக்கு அன்ரி?"

அம்மா என்னைப் பார்த்தா. பிறகு சித்தப்பாவைப் பார்த்தா.

"என்ரை மூத்தவன் குகனுக்கு. அவன் எங்கையெண்டு கொண்டுபோனவை வந்து சொல்லட்டும். அதுக்குப் பிறகு செய்வம்."

கோப்பையை மேசையில் வைத்தா. சித்தப்பா எழும்பிப் போகும்போது என்னிடம், "அவள் போகேல்லை பிள்ளை" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

கீரிமலையில் உனக்கு மட்டும்தான் செய்தோம். உனக்குக் கோப்பை வைப்பதில்லை, கோபிக்காதே. நீ எங்கே போனாய் என்று எங்களுக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்த்துக் கதறினோம், வாய்க்கரிசி போட்டோம், சாம்பலைக் கடலில் விட்டோம். உன் அண்ணைக்கு அது ஒன்றும் நடக்கவில்லை. நடக்கும்வரை அந்த மேசை வெறுமையாக இருக்காது. வேலையில்லாத நாட்களில் நான் போகிறேன். செருப்பைக் கழற்றும்போதே கேட்கிறேன். அம்மா பேரைச் சொன்ன பிறகு அந்தச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். கத்தரிக்காய்க் குழம்பு இப்போதெல்லாம் கொஞ்சம் உறைப்புத்தான். நான் ஒன்றும் சொல்வதில்லை.

இன்றும் போகவேண்டும். சாவி இன்னும் அகப்படவில்லை. அந்தப் படத்துக்குப் பிறகு ஒரு நாளும் கதவைப் பூட்டிப் பூட்டிப் பார்க்காமல் நான் வெளிக்கிட்டதில்லை, உனக்குத் தெரியும். இன்று திறந்தபடியே கிடக்கட்டும். சோறு ஆறமுன் போய்க் கேட்கவேண்டும்.