பக்கக் கண்ணாடியில் ஒரு கை

அஸ்தம்பட்டி, சேலம்
12.6.2025

அன்பு மகள் தனப்பிரியாவுக்கு,

ஏழாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தபோது ஒருநாள் எழுந்து நின்று கேட்டாய்: "டீச்சர், ஒரே ஆளுக்கு ரெண்டு நெழலு விழுமுங்களா?" மேசையில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றிக் காட்டினேன். அந்தக் கேள்வி நேற்று நம் வீட்டுக்கே வந்துவிட்டது.

போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லுவார். அதனால்தான் இந்தக் கடிதம்.

தரகர் பச்சமுத்து ஒரு ஜாதகமும் படமும் கொண்டுவந்தார். பையன் பெயர் சபரிநாதன். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார்கள். "ஒத்தப் பையனுங்க. அக்கா தங்கச்சி ஆருமில்லீங்க. போட்டோ எடுக்கறதுலயும் கெட்டிக்காரனுங்க. இதுகூட அவனே டைமர் வெச்சு எடுத்ததுதானுங்க" என்றார். அப்பாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆடி பிறப்பதற்குள் பெண் பார்க்க, ஜூலை ஆறாம் தேதி வரச் சொல்லிவிட்டார்.

எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. பையன் புது லாரியின் முன் நிற்கிறான். சூரியன் லாரிக்குப் பின்னால் இருக்கிறது. லாரியின் நிழல் நம்மைப் பார்த்து நீள்கிறது. அப்படியானால் அவன் முகம் இருண்டிருக்க வேண்டும். ஆனால் பளிச்சென்று இருக்கிறது. லாரிக் கதவில் அவனுக்கு இன்னொரு நிழல் வேறு. அடிபட்ட வண்டியை டிங்கரிங் பார்த்து பெயின்ட் அடித்து நிறுத்தினால் நசுங்கல் தெரியாது. முகத்துக்கும் அப்படிச் செய்யலாம் அல்லவா?

இன்னொன்று. லாரியின் பக்கக் கண்ணாடியில் ஒரு வெள்ளைக் குடை தெரிகிறது. அதைப் பிடித்திருப்பது ஒரு பெண்ணின் கை. யார் அவள்? இதற்குப் பதில் கிடைக்காவிட்டால் பச்சமுத்துவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன்.

உன் அம்மா,
மலர்விழி

பள்ளி ஆசிரியர் விடுதி, நாமக்கல்
16.6.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். விடுதிச் சாம்பார்தான் நலமாக இல்லை.

நான் அவரைப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் படத்தை மட்டும் வைத்து ஒருவரைச் சந்தேகிப்பது நியாயமா? சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் முகத்துக்கு ஃபிளாஷ் அடித்துத்தான் ஆக வேண்டும். நேராக அடித்தால் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். அதனால் வெள்ளைக் குடைக்குள் விட்டு அடிப்பார்கள். சாயங்கால வெயிலோடு ஒத்துப்போக, பலகாரக் கூடையில் சுற்றி வரும் மஞ்சள் கண்ணாடித்தாளை ஃபிளாஷ் மேல் ஒட்டுவார்கள். ஒரு டிப்பர் கடந்து போனாலே குடை ஸ்டாண்டோடு சாய்ந்துவிடும். அதனால் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கை அவ்வளவுதான். பாவம், அரை மணி நேரம் தூக்கிப் பிடித்தால் வலது தோள் கடுத்துவிடும்.

பச்சமுத்துவிடம் அவசரப்பட்டு எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
தனம்

அஸ்தம்பட்டி
19.6.2025

தனம் சாமி,

உன் விளக்கம் நன்றாக இருந்தது. வகுப்பில் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பேன்.

ஆனால் விடை மட்டும் சரியாக இருந்து செய்முறை இல்லாத தாளுக்கு நான் முழு மதிப்பெண் போட்டதில்லை. மே மாதம் நீ வந்திருந்தபோது மூன்று நாள் உன் தோளில் தைலம் தேய்த்துவிட்டேன். விடைத்தாள் திருத்தியதால் வந்த வலி என்றாய். அதுவும் வலது தோள்தான்.

படத்தை மறுபடி எடுத்து அந்தக் கையை உற்றுப் பார்க்கவில்லை. நீ சொல்லாமல் பார்க்க விருப்பமில்லை. அந்தக் கை யாருடையது?

மலர்விழி

நாமக்கல்
23.6.2025

அம்மா,

என்னுடையதுதான்.

போன வருடம் பள்ளி ஆண்டுவிழாவில் ஆசிரியர்களைப் படம் எடுக்க வந்தார். காற்றில் குடை விழப்போனபோது நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். "அப்படியே நில்லுங்க டீச்சர், நீங்க ஸ்டாண்ட விட நல்லா நிக்கறீங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அதற்குப் பிறகு அவர் மேல் கோபமே வரவில்லை.

ஜாதகம் பச்சமுத்து மூலம் வரும்படி செய்தது நாங்கள்தான். எங்கள் விஷயம் தரகருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் காதல் கல்யாணம் செய்தபோது அப்பா சொன்னது எனக்கு மறக்கவில்லை: "லவ்வு கிவ்வுன்னா எவளும் எம்பட ஊட்டுப் படியேறக் கூடாது." தரகர் மூலம் வந்தால் சரி என்பார். ஆறாம் தேதி மட்டும் எப்படியாவது கடந்துவிட்டால் போதும். அதுவரை அப்பாவிடம் சொல்லாதீர்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

தனம்

அஸ்தம்பட்டி
26.6.2025

கண்ணு,

கடிதத்தை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். என் வீட்டில் நானே திருடியைப்போல் நடமாடுகிறேன்.

காதலித்ததில் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பையனைப் இத்தனை நாள் தப்பாக நினைக்கவிட்டாயே, அதுதான் வருத்தம். இன்னொரு பெண்ணோடு பழகுகிறவன் என்று அப்பாவிடம்கூடச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் அன்றே ஜாதகத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

அப்பா தினமும் படத்தை எடுத்துப் பார்க்கிறார். "பையன் மொகத்துல ஒரு களை இருக்குது பாரு மலரு" என்கிறார். நான் ரசத்தைக் கலக்கிக்கொண்டே தலையாட்டுகிறேன். நீ கேட்டபடி செய்தால், ஆறாம் தேதி நீ காபித் தட்டோடு வந்து அவனைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்ப்பாய். நானும் ஒன்றும் தெரியாததுபோல் நிற்பேன். ஏமாறுவது அப்பா ஒருவர் மட்டும். கல்யாணத்துக்குப் பிறகு யாராவது வாய்தவறிச் சொல்லும் நாளில், மகள் ஏமாற்றினாள் என்பதைவிட மனைவியும் கூட நின்றாள் என்பதுதான் அவருக்குத் தாங்காது. முப்பத்திரண்டு வருடம் கூட இருந்தவளுக்கு இது தெரியும்.

அதனால் நான் நடிக்க மாட்டேன். காட்டிக் கொடுக்கவும் மாட்டேன்.

நீயே அவரிடம் சொன்னால் இரண்டு நாள் கத்துவார். ஒரு வேளை சாப்பிடாமல் இருப்பார். அதற்கு மேலும் போகலாம், எனக்கு உறுதியாகத் தெரியாது. அவர் பக்கத்தில் நான் இருப்பேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளை எடு. "அன்புள்ள அப்பாவுக்கு" என்று எழுது. நலம் விசாரிக்காமல், அடுத்த வரியிலேயே சபரிநாதன் என்று எழுது.

அம்மா