ஆமை அட்டை

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நம் பாப்பா மர்வாவுக்குச் சளி குறைந்துவிட்டது. உங்கள் போன்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஸ்விட்ச் ஆஃப் என்றே சொல்கிறது.

பழைய டீத்தூள் பாக்கெட்டுகளில் வந்த கடல் பட அட்டைகளை மாற்றிக்கொள்ள அம்பத்தூரில் ஒருவரைப் பார்க்கப் போனீர்களே, அந்த ஆள் தான்தான் என்று ஒருவர் வந்து நம் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். நான் அடுப்படியில் நின்று எழுதுகிறேன்.

"அண்ணாத்தே வெள்ளானூர்ல ஷோக்கா கீறாரு, அண்ணி. ஆல்பத்த எத்துகினு, பாப்பாவையும் இட்டுகினு வரச் சொன்னாரு" என்கிறார். நான் தயங்கியதும், நீங்கள் அடையாளத்துக்குக் கொடுத்தனுப்பியதாக ஓர் அட்டையை நீட்டினார். கடலாமை. மூலையில் மர்வா கடித்த பல்தடம்.

இரட்டையாக இருப்பதைத்தான் நீங்களெல்லாம் கைமாற்றுவீர்கள். ஒற்றை அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுவதோடு சரி. என் கையில்கூடத் தர மாட்டீர்கள். அட்டை சேர்க்கிற ஆளுக்கு இது தெரியாதா, மச்சான்? ஆமை நம்மிடம் ஒன்றுதான்.

சிரித்துப் பேசி டீ கொடுத்தேன். "முதல்ல ஒரு லெட்டர் தரேன், அவர்கிட்ட குடுத்துட்டு வாங்கண்ணே. அதுக்குள்ள நாங்க கிளம்பி நிக்கிறோம்" என்றேன். சரி என்றார்.

இது உங்கள் கைக்கு வந்தால், என் பயத்தைப் பார்த்துச் சிரியுங்கள். வழியிலேயே அவர் பிரித்துப் படித்தால், அவருக்குத்தான் சொல்கிறேன்: மர்வாவும் ஆல்பமும் நம்பிக்கையான ஆளோடு பின்வாசல் வழியாகப் போயாயிற்று. நான் மட்டும் இருக்கிறேன். என் மச்சான் எங்கே?

துஆவுடன்,
உங்கள் வீட்டுக்காரி