ஹனோவரில் உறங்கும் இங்கிலாந்து ராசா

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் நோ குறைந்ததா? அப்பா நேரத்துக்குக் குளிசை போடுகிறாரா? இங்கே ஹனோவரில் எனக்கு நல்ல சுகம். ஜெர்மன் பரீட்சையில் இந்த முறை தவறிவிட்டேன். திரும்ப எழுதலாம், யோசிக்காதேங்கோ.

ஞாயிற்றுக்கிழமை, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்து லிண்டெமன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து அரண்மனைத் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். முதலாம் ஜார்ஜ் என்ற இங்கிலாந்து ராசாவின் சமாதி மண்டபம் அங்கேதான் இருக்கிறது. பூட்டியிருந்த அதன் வாசலில் என்னை அறியாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். கோயில் பழக்கம்! லிண்டெமன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"இவர் எங்கட ஊர்க்காரன்தான், பிள்ளை. ஐம்பத்து நாலு வயசில அங்க ராசாவாப் போனவர். இங்கிலீஷ் அவ்வளவா வராது. எண்டாலும் அவற்ற பரம்பரை நூறு வருசத்துக்கு மேல ஆண்டது. நீ ஒரு பரீட்சைக்கு அழுறாய்!"

பிறகு காலை நீட்டி, "என்ர சப்பாத்தையும் கழற்று" என்றார். அந்த மனுசியைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது, அம்மா. குளிரில் நின்றதற்குக் கொஞ்சம் தும்மல், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் இங்கேயிருந்து அங்கே வந்து திரும்பும் தேனுஜா அக்காவிடம் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கோ. உங்கள் பழைய சேலை ஒன்றும் வேண்டும். தோய்க்க வேண்டாம், உங்கள் வாசம் போய்விடும்.

ராசாவான பிறகும் அவர் இடைக்கிடை இங்கே ஓடி வந்துவிடுவாராம். எனக்கும் ஆவணியில் லீவு கிடைத்திருக்கிறது. என் கட்டிலில் உடுப்புக் குவிக்காதேங்கோ.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
கம்சனா