எல்லாத் தலைப்புக்கும் பொருந்திய அப்பா

குருநகர்
புதன்கிழமை

அன்பு மகள் டிலக்ஷிக்கு, ஆண்டவரின் இரக்கத்தால் இங்கே எல்லாரும் சுகம், நீயும் அந்த நோர்வேக் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க மன்றாடுகிறோம்.

முதலில் ஓர் அறிவித்தல். கொழும்பைப் பிறப்பிடமாகவும் குருநகரில் எங்கள் குசினியை வதிவிடமாகவும் கொண்ட மிக்சி அவர்கள் நேற்றுக் காலை சம்பல் அரைத்துக்கொண்டிருக்கையில் புகைவிட்டுக் காலமானார். அன்னார் தேங்காய்ப்பூவின் பரம எதிரி. இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் ஏற்றுக்கொள்ளவும்.

அக்கா, மேலே மிக்சி வரைக்கும்தான் பகிடி. இதை எழுதுவது உன் தம்பி டினேஸ், சொல்வது அம்மா. மீன் முள் ஏறி அம்மாவின் விரல் வீங்கிப்போய்க் கிடக்கிறது. குரல் பதிவு போட்டால் இந்தச் சின்ன வீட்டில் அப்பாவுக்கும் கேட்கும், அதனால் கடதாசியில் எழுதிப் படமெடுத்து அனுப்பச் சொன்னா. அம்மா ஓரிடத்தில் இருந்து சொல்லவும் இல்லை, வாசலுக்கும் குசினிக்குமாக நடந்து நடந்துதான் சொல்கிறா, எனக்குக் கழுத்துப் பிடித்துவிட்டது.

விசயம் இதுதான். வருகிற சனிக்கிழமை கொழும்பில் எனக்கு ஊடகக் கல்லூரி நுழைவுத் தேர்வு. ஒரு மணித்தியாலத்தில் ஒரு கட்டுரை, தலைப்பு அங்கே போனபிறகுதான் தெரியும். மானிப்பாயில் படிப்பிக்கிற ஜெசிதா ரீச்சர், நேரம் ஓடும்போது உதாரணம் தேடிக்கொண்டிருக்க ஏலாது, எந்தத் தலைப்புக்கும் வளைந்து கொடுக்கிற இரண்டு மூன்றை முதலே தெரிந்து வைத்திருங்கள், ஒன்று சரித்திரத்தில், ஒன்று விஞ்ஞானத்தில், ஒன்று சொந்த வாழ்க்கையில் என்று சொன்னா. மற்றப் பிள்ளைகள் சரித்திரத்தில் நீந்த, நான் ஒரே ஒரு ஆளைத் தெரிந்தெடுத்தேன். எங்கடை அப்பா. ஆனால் சும்மா அப்பா என்றால் புள்ளி விழாது என்று அவரைக் கடலில் சாகவிட்டேன். காலநிலை மாற்றம் என்றால் புயலில் போனார். கைத்தொலைபேசி என்றால் சிக்னல் கிடைக்காமல் போனார். ஒழுக்கம் என்றால் உயிர்காப்பு அங்கி போடாமல் போனார். தியாகம் என்றால் மற்றவன் வள்ளத்தைக் காப்பாற்றப் போய்ப் போனார். நான்கு தலைப்பு, நான்கு சாவு, ஒவ்வொன்றும் மூன்று பக்கம், ஒருநாளும் இருபதில் பதினேழுக்குக் குறையவில்லை. சனிக்கிழமை எந்தத் தலைப்பு வேண்டுமானாலும் வரட்டும், என்னிடம் ஆள் இருக்கிறார்.

நான்கையும் ஒரே சாவாகச் சேர்த்து நம்பி ரீச்சர் அழுதுவிட்டா. எந்தக் கோயில் பங்கு என்று கேட்டா, குருநகர் என்றேன், அப்பாவின் பேரையும் கேட்டா, சொன்னேன். ஏன் கேட்கிறா என்று யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், ஊர் ஆட்களை இன்னும் பழகாத புதுப் பாதர் இறந்தோருக்கான பூசைக் கருத்துகளை வாசிக்கிறார், கடலில் மரித்த நீக்கிலாப்பிள்ளையின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று. நீக்கிலாப்பிள்ளை மூன்றாவது வாங்கில் முழங்காலில் நிற்கிறார். அந்தப் பூசையை ஒப்புக்கொடுத்தவர் மகனின் ஆசிரியை என்றும் வாசித்ததால் எனக்கு ஒளிக்க இடமில்லை. வெளியே வந்தால் கடற்கரை ஆட்கள் எல்லாரும் சிரிப்பு. "நீக்கிலாண்ணை, பிரேதம் எத்தினை மணிக்கு எடுக்கினம்?" என்று ஒருவர் கேட்டார். அப்பா சிரிக்கவில்லை.

அன்றையிலிருந்து அவர் என்னோடு கதைப்பதில்லை. அவனைச் சாப்பிடச் சொல்லு என்று அம்மாவிடம்தான் சொல்கிறார், நான் பக்கத்தில்தான் இருக்கிறேன். அம்மாவுக்கு வேறொரு பயம். செத்த ஆக்களின் பேரோடு வாசித்த பேர், ஒரு நன்றிப் பூசை ஒப்புக்கொடுக்கும்வரை கடலுக்குப் போகவேண்டாம் என்று வழிமறித்தா. "பாதர் வாசிச்சிட்டார் எண்டதுக்காக நான் சாகேலாது" என்று சொல்லிவிட்டு அவர் திங்கள் விடியப் போய்விட்டார். வள்ளம் வரும்வரை அம்மா ஓரிடத்தில் இருப்பதில்லை. சம்பலுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டா. அவர் பத்திரமாக வந்து வீட்டில் இருக்கிற இப்போதும் ஏதோ சத்தம் கேட்டு வாசலுக்குப் போய்வருகிறா.

அம்மா சொல்கிறா: மகள், வெள்ளி இரவு இவன் பஸ் ஏற முதல் அப்பாவுக்கு ஒரு கோல் எடு. நீ சொன்னால் கேட்பார். தகப்பன் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு அனுப்பாமல் பிள்ளை சோதினைக்குப் போகக்கூடாது. நீயும் வேலை வேலை என்று ஓடாமல் நேரத்துக்குச் சாப்பிடு, பூசையை விடாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

உன் அம்மா யசிந்தா
(கைப்பட எழுதியது டினேஸ்)

அக்கா, அம்மா குசினிக்குள் போய்விட்டா, இது நான் மட்டும். அப்பா கதைக்கவில்லை என்றுதான் அம்மா நினைத்திருக்கிறா. இன்று மத்தியானம் அவ சந்தைக்குப் போனபோது கதைத்தார். என் கொப்பியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார், நான்கு கட்டுரையும் வாசித்திருக்கிறார். "நாலு தரம் சாக்காட்டிப்போட்டாய். இப்ப உயிரோடை இருக்கிற மனிசனை எழுது பாப்பம்" என்று கைமணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கிழிந்த வலை பொத்தப் போனார். முழுதாக ஒரு மணித்தியாலம் தந்தார். மூன்று வரி எழுதினேன். அதிகாலை மூன்று மணிக்கு எழும்புவார். கடலுக்குப் போவார். வந்ததும் தேத்தண்ணி குடிப்பார். அதை வாசித்துவிட்டு அவர் ஏசவில்லை. தேத்தண்ணியை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார். தேத்தண்ணியை விட்டு இரண்டு வருடமாம், வயிறு எரிகிறதாம், இப்போது மல்லித் தண்ணிதானாம். உனக்குத் தெரியுமா அக்கா? எனக்குத் தெரியாது.