நீ பாஸான பரிசோதனை

அக்கா,

இன்று சமுதாயக் கூடத்தில் நீலகிரித் தைல வாசனை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா நெஞ்சு முழுக்கத் தடவிக்கொண்டு வந்திருந்தார். நீயே பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது. எழுந்து வெளியே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

எண்ணூரில் நம் தெருவுக்கு முதன்முதலாக ஆய்வுக்காரர்கள் வந்தது நினைவிருக்கிறதா? ஆலைப் புகை கலந்த இந்தக் காற்று நம் உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்க, விருப்பப்பட்டவர்கள் வரலாம் என்றார்கள். ஆளாளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். "நாம போவலன்னா இந்தப் பொகையப் பத்தி எவன் கேப்பான்?" என்று நீதான் முதலில் பேர் கொடுத்தாய், என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். காற்றை உறிஞ்சும் பெட்டியை ஒரு நாள் முழுக்க இடுப்பில் கட்டிக்கொண்டு மீன் விற்றாய். "இன்னாக்கா, போலீசு வயர்லெஸ்ஸா?" என்று கேட்டவனிடம், "ஆமா, உன்னதான் புடிக்க வந்துகீறேன்" என்றாய்.

மறுநாள் இதே சமுதாயக் கூடத்தில் குழாயில் ஊதும் பரிசோதனை. மூச்சு குறைவாக இருப்பவர்களைப் பெரிய டாக்டரிடம் அனுப்பித் தொடர்ந்து வைத்தியம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பத்துப் படி ஏறினாலே உட்கார்ந்துவிடும் உனக்குத்தான் அது முதலில் கிடைத்திருக்க வேண்டும்.

நீயோ பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி தயாரானாய். காலையிலேயே ஆவி பிடித்தாய். தைலம் தேய்த்தாய். கூடத்து வாசலில் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று மூச்சு மருந்தை இழுத்தாய். "டெஸ்டுன்னா பாஸாவ வேணாமா? அத்தினி பேர் முன்னாடி மானம் போவும்டி." மருந்து எடுத்தீர்களா என்று கேட்ட ஆய்வுப் பெண்ணிடம் கூசாமல் இல்லை என்றாய். அவள் "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் இன்னும்" என்று கபடி ஆட்டத்தில் கத்துவது போலக் கத்த, நீயும் விடாமல் ஊதினாய். வெளியே வந்து, "பாஸாயிட்டேன்!" என்று எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாய்.

பெரிய டாக்டரிடம் போக உன்னைக் கூப்பிடவில்லை. அடுத்த மழைக்காலத்தில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

சாவுக்கு வந்த அந்த ஆய்வுப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த மருந்து கொஞ்ச நேரம் மூச்சுக்குழாயத் தெறந்து விட்டிருக்கும்க்கா" என்று சொல்லி அழுதாள். உன்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. புகையை விடுகிறவனுக்கே வெட்கம் இல்லாதபோது, இருமுகிற உனக்கு எதற்கு அக்கா வெட்கம்?

இப்போது மறுபடியும் வந்திருக்கிறார்கள். நான் வீடு வீடாகப் போய், "மருந்து இழுத்திருந்தா மறைக்காத, இருமல் வந்தா இருமு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். பைத்தியக்காரி என்கிறார்கள். சொல்லட்டும்.

உன் அளவை மாற்ற முடியுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுப் பார்த்தேன். அன்றைக்கு ஊதியது ஊதியதுதானாம். மூச்சு முட்டிச் செத்த நீதான், அக்கா, அவர்கள் ஆய்வில் நம் தெருவிலேயே நல்ல மூச்சுக்காரி.