இரண்டு தூண்களுக்கு நடுவே

அன்புள்ள அப்பாவுக்கு, செனாம் வணக்கத்தோடு எழுதுகிறேன். இருமல் தேவலையா? நான் சௌக்கியம்.

இங்கே அக்ராவில் எங்கள் தெருவுக்குப் புது நடைபாதை வந்திருக்கிறது. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் திறந்த சாக்கடை. மோட்டார் சைக்கிள் ஏறக்கூடாதென்று பாதை தொடங்கும் இடத்திலேயே குறுக்கே இரண்டு சிமெண்ட் தூண் நட்டிருக்கிறார்கள். ஆள் நுழைய மட்டும்தான் இடைவெளி, என் சக்கர நாற்காலியும் நுழையாது. நேற்று ரோட்டில் போனபோது ட்ரோட்ரோ வேன் கண்டக்டர் கத்தினான்: "யக்கா, அதான் பாதை போட்டிருக்கே! சாகறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பிப் போய் அந்த இடைவெளியை அடைத்து நாற்காலியை நிறுத்திவிட்டேன்.

"வழி விடும்மா, ஆபீசுக்கு நேரமாச்சு!"

"ரோட்டுல இறங்கிப் போங்க சார். நான் தினமும் அப்படித்தான் போறேன்."

எல்லோரும் இறங்கித்தான் போனார்கள்.

கவலைப்படாதீர்கள். சக்கரம் தள்ளி உள்ளங்கை உரிந்திருக்கிறது, நீங்கள் வலை இழுக்கும்போது போடும் பழைய கையுறையை அனுப்புங்கள். கொஞ்சம் கருவாடும். தனியாக உட்கார்ந்தால் சாப்பாடு இறங்குவதில்லை.

கையுறை சீக்கிரம் வரட்டும். தூணைப் பிடுங்கும்வரை தினமும் அங்கேதான் நிற்பேன். இப்போதும் கிளம்பிவிட்டேன்.

செனாம்