பெட்டி மாறிய செல்போனை மாற்றித் தராத தாம்பரம் கடைக்காரர்

அனுப்புநர்:
மா. மதியழகன்,
லேத் பட்டறைத் தொழிலாளி,
பம்மல், சென்னை-75.

பெறுநர்:
மாவட்ட வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலர்,
காஞ்சிபுரம்.

பொருள்: ஆயுதபூஜையில் பெட்டி மாறிய செல்போன் – மாற்றித் தர உத்தரவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் துர்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது; பேச்சும் இல்லை. கோவிலம்பாக்கத்தில் கணவர் வீட்டில் இருக்கிறாள். இரண்டாவது பிரசவத்துக்கு இம்மாதம் 24 என்று டாக்டர் நாள் சொல்லியிருக்கிறார். மருமகன் நாவலூரில் கம்பெனி வேன் ஓட்டுகிறார். பகலில் வீட்டில் இருக்க மாட்டார். எஸ்.எம்.எஸ். அனுப்பலாமே என்று தாங்கள் கேட்கலாம். என் மனைவி சரளாவுக்குப் படிக்கத் தெரியாது. தாயும் மகளும் பேசுவது கைஜாடையில்தான்.

2. ஆகவே முகம் பார்த்துப் பேச, 3ஜியும் முன்பக்கக் கேமராவும் உள்ள ஒரே மாடல் செட் இரண்டை, 29.9.2009 அன்று தாம்பரத்தில் திரு. ஜீவரத்தினம் கடையில் வாங்கினேன். வீட்டில் பார்த்தால் ஒன்றில்தான் அவை இருந்தன. மற்றதில் வைஃபை மட்டும்; அந்த வசதி எங்கள் இரு வீட்டிலும் இல்லை. நிறம், அளவு, பொத்தான் எல்லாம் அச்சு அசல் ஒன்றே. புளூடூத் இரண்டிலும் உண்டு. பம்மலிலிருந்து கோவிலம்பாக்கத்துக்கு அது எட்டாது ஐயா.

3. ஆயுதபூஜைக்கு அவர் புது செட்களையெல்லாம் பெட்டியிலிருந்து எடுத்து, சந்தனப் பொட்டு வைத்துப் படைத்துவிட்டு, கைக்கு வந்த பெட்டியில் போட்டிருக்கிறார். பக்தியை நான் குறை சொல்லவில்லை. பெட்டியில் உள்ள ஐ.எம்.இ.ஐ. எண்ணும் செட்டின் எண்ணும் வேறு என்று காட்டினேன். “பெட்டி பிரிச்ச மால் ரிட்டன் கிடையாது சார்” என்கிறார். பிரித்தவரே அவர்தான்!

4. நான்கு முறை அலைந்துவிட்டேன். கடைசியாக, “வைஃபைதான் சார் ஒசத்தி, நாவலூர் கம்பெனி வாசல்ல நின்னா சூப்பரா எடுக்கும்” என்றார். நிறைமாதப் பெண்ணை அங்கே போய் நிறுத்தவா? என் பெட்டியின் எண்ணுள்ள செட், வைஃபை பெட்டியில், அவர் கடை அலமாரியிலேயே இருக்கிறது; எண்ணை நானே பார்த்தேன். இரண்டும் ஒரே விலை. எடுத்துக் கொடுக்கத்தான் மனமில்லை.

5. வேறு வழியின்றி அந்த வைஃபை செட்டையே துர்காவிடம் கொடுத்திருக்கிறோம். நேற்று அவளிடமிருந்து அழைப்பு வந்தது, படம் இல்லை. சரளா இருண்ட திரையைப் பார்த்து, வயிற்றைத் தொட்டுக் காட்டி, வலிக்கிறதா என்று கையால் கேட்டுக்கொண்டே இருந்தாள். பதறிப்போய் ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் மாறி ஓடினோம். குழந்தைக்குத் தைத்த சட்டையைக் காட்ட அழைத்தாளாம்.

அடுத்த அழைப்பு எதற்கு என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? 24-க்கு முன் செட்டை மாற்றித் தரச் செய்யுங்கள். அதற்குப் பிறகு வரும் உத்தரவு எங்களுக்கு உதவாது.

இடம்: பம்மல்
நாள்: 12.10.2009

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
மா. மதியழகன்